எள்ளல் என்னும் சொல்: அதன் பிறப்பும் பொருளும்

தமிழில் நகைப்பைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி, பரிகாசம், ஏளனம் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவையனைத்தும் ஒரு பொருட்சொற்களே என்று எண்ணி, வாய்க்கு வந்ததை வந்தவிடத்தில் வழங்குகின்றோம். ஆயினும், மக்கள் நாவானது காரணமின்றி ஒரு பொருளுக்குப் பத்துச் சொற்களைச் சுமந்து திரிவதில்லை. சொல் வேறுபடின் பொருளும் எங்கேனும் ஓரிடத்தில் வேறுபட்டே தீரும். அவ்வேறுபாட்டைத் தேடிப் புறப்படுவோர், இச்சொற்களுக்கெல்லாம் மூத்ததாய், இன்று ஏட்டு வழக்கில் மட்டும் எஞ்சி நிற்கும் 'எள்ளல்' என்னும் சொல்லினிடத்தே வந்து சேர்வர்.

இவ்வாராய்ச்சி புலவர்தம் பொழுதுபோக்கு என்று எவரும் எண்ணற்க. நம் நாடக மேடைகளையும் திரைப்படங்களையும் பாருங்கள். கரிய நிறத்தார், பருத்த உடலினர், திக்கிப் பேசுவோர், நாட்டுப்புறப் பேச்சு மாறாதவர் ஆகியோரைக் கொணர்ந்து நிறுத்திச் சிரிப்பு மூட்டுவது ஒரு தொழிலாகவே நடந்து வருகின்றது. நொந்தவர் வாய் திறந்தால், "சிரிக்கத்தானே சொன்னோம், இதற்குமா கோபம்?" என்று அவரையே குற்றவாளியாக்குகின்றனர். சிறிது கற்றவரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, "நகைக்குரிய காரணங்களுள் எள்ளலும் ஒன்றென்று தொல்காப்பியரே ஓதினார்; இலக்கணம் இசைந்ததை நீவிர் மறுப்பதோ?" என்று வினவுகின்றனர். இவ்வாதம் நிற்குமா? தொல்காப்பியர் உண்மையிலேயே இவர்கட்கு உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தனரா? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

பேச்சு வழக்கின் சொற்கள்

முதற்கண் நம் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்களைக் காண்போம். கேலி என்பது வடசொல். விளையாட்டு என்பது அதன் பொருள். பரிகாசம் என்பதும் வடசொல். அதனுள் சிரிப்பு என்னும் பொருள் தரும் ஹாசம் அமைந்து கிடக்கின்றது. ஏளனமும் அம்மொழியினின்று வந்ததே. அவமதிப்பு என்பது அதன் பொருள். இம்மூன்றையும் வரிசையில் நிறுத்திப் பாருங்கள். விளையாட்டில் தொடங்கிச் சிரிப்பின் வழியே அவமதிப்பில் இறங்கும் மூன்று படிகள் தோன்றும். முதற்படியில் நிற்கின்றோம் என்று எண்ணிக்கொண்டே மூன்றாம் படியில் கால் வைத்துவிடுவது மாந்தர் இயல்பு.

கிண்டல், கிண்டு என்னும் வினையிற் பிறந்த நல்ல தமிழ்ச்சொல். அடுப்பிலே களியைக் கிண்டுகின்றோம். தோட்டத்திலே மண்ணைக் கிண்டுகின்றோம். இரண்டிடத்தும் அடியிற் கிடந்தது மேலே வருகின்றது. ஒருவன் உள்ளே மறைத்து வைத்ததைச் சொல்லால் கிளறி மேலே கொணர்வதால் அச்செயலுக்கும் அதுவே பெயராயிற்று. நக்கல் என்பதைப் பற்றி இரு கருத்துக்கள் உண்டு. நகு என்னும் வினை இறந்தகாலத்தில் நக்கான் என்றாகும். புகு என்பது புக்கான் என்றும், தொகு என்பது தொக்கான் என்றும் ஆவதுபோல. ஆதலின் நக்கல் என்பது நகையின் வழிவந்ததே என்பர் ஒரு சாரார். நாவால் தீண்டுதலாகிய நக்குதலினின்றே அது வந்தது என்பர் மற்றொரு சாரார். அல் என்னும் தொழிற்பெயர் விகுதி நகு என்னும் பகுதியோடு நேரே சேரின் நகல் என்றே ஆகுமாதலின், வடிவ அளவில் பின்னவர் கூற்றே வலிது. பொருளிலோ பழைய நகையின் வாடை வீசாமல் இல்லை.

நையாண்டி என்பதைக் கேட்டவுடன் கரகாட்டத்தோடு முழங்கும் மேளம் நினைவுக்கு வரும். அச்சொல்லை நை என்றும் ஆண்டி என்றும் பிரித்து, நைந்துபோன ஆண்டியொருவனை உள்ளே காட்டுவோர் உளர். இஃது ஓசை ஒப்புமை கண்டு கட்டிய கதையேயன்றிச் சொல்லாராய்ச்சி ஆகாது. ஈழத்தார் பகடியைப் பகிடி என்பர். அங்கே கல்லூரிகளில் புதிய மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் கொடுமைக்குப் பகிடிவதை என்றே பெயர் வழங்குகின்றது. அதனைத் தடுக்க இலங்கை அரசு 1998 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நகைப்பைக் குறித்த சொல்லோடு வதை என்னும் சொல் வந்து ஒட்டிக்கொண்டதைக் கண்டீர்களா?

மேனாட்டு மொழிகளிலும் இவ்வுண்மை விளங்கக் காணலாம். குத்தலான பேச்சை ஆங்கிலத்தில் சார்க்காசம் என்பர். அதன் மூலமாகிய கிரேக்கச் சொல், தசையைப் பிய்த்தல் என்று பொருள்படும். சமுதாயக் குற்றங்களை எடுத்துக்காட்டி நகும் இலக்கியத்தையோ சட்டையர் என்பர். இஃது இலத்தீனில் பலவகைப் பண்டங்கள் நிரம்பிய தட்டைக் குறித்த சொல்லினின்று வந்தது. ஒன்று உடலைப் பிய்ப்பது; மற்றொன்று பலரும் உண்ணப் படைப்பது. நகைப்பின் இருவேறு இயல்புகளும் இவ்விரு சொற்களின் பிறப்பிலேயே புலப்படுகின்றன.

எள்ளலின் வேர்

இனி எள்ளலுக்கு வருவோம். எள்ளு என்பது வினைப்பகுதி. இகழ்தல் என்பது பொருள். எள்ளுருண்டை செய்யும் எள்ளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது கூலத்தின் பெயர். சிறுமைக்கு அதனை அளவாகக் கூறும் வழக்கினால் இரண்டும் ஒன்றெனச் சிலர் மயங்குவர். எளிது, எளிமை, எளியன் என்னும் சொற்களோடு எள்ளலை உறவுபடுத்துவதே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. அவ்வாறு கொள்ளின், எள்ளுதல் என்பது ஒன்றனை எளிதாக்குதல், அதன் கனத்தைக் குறைத்தல் என்றாகும்.

இவ்விடத்தே ஒரு வினா எழுகின்றது. எதன் கனத்தைக் குறைப்பது? பொய்யான கனத்தையா, உள்ள கனத்தையா? பதவியினாலும் பட்டத்தினாலும் பணத்தினாலும் வீங்கி நிற்பவனது கனத்தைச் சொல்லால் குறைத்தல் ஒன்று. முன்னமே எளியவனாய் நிற்பவனை இன்னும் எளியவனாக்குதல் மற்றொன்று. இரண்டும் எள்ளலே. ஆயினும் இரண்டும் ஒன்றாகுமோ?

தொல்காப்பியர் இட்ட வரம்பு

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை ஓதி, நகையை முதலில் வைத்தார். அந்நகைக்கு நிலைக்களன் நான்கு என்றார். எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் என்பவையும் அந்நான்கனுள் அடங்கும். குழந்தைத்தன்மையும், அறிவின்மையும், ஒருவர் சொன்னதைப் பற்றிக்கொண்டு விடாத மடமையும் நகை தரும் என்பது அவர் கருத்து. இவ்வளவே கண்டு நின்றுவிடுகின்றனர் நம் எதிர்வாதியர்.

சற்றே அப்பாற் சென்று இளிவரல் என்னும் மெய்ப்பாட்டை அவர்கள் நோக்கியிருத்தல் வேண்டும். இளிவரலாவது, தாழ்வு கண்டவிடத்துத் தோன்றும் உணர்ச்சி. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். முதுமையும், நோயும், உழைத்து இளைத்த இளைப்பும், வலியற்ற நிலையும் நகையின்கீழ் வைக்கப்படவில்லை என்பதை ஊன்றி நோக்குமின். இவற்றைக் கண்டு நகுதல் தொல்காப்பியர் வகுத்த நகையின் வரம்பினுள் அடங்காது. கூன் விழுந்த கிழவனையும், கால் விந்தும் பெண்ணையும், கந்தலுடுத்த கூலியையும் மேடையேற்றிச் சிரிப்பு வாங்குவோர் தொல்காப்பியத்தைச் சான்றுக்கு அழைத்தல் பொருந்துமோ?

"கலித்தொகையில் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளும் பாட்டு உண்டே, அஃது உடற்குறையை நகுவதன்றோ?" என்று கேட்கலாம். கேள்வி நேரியதே. அப்பாட்டை இன்று படிப்பார்க்கு உள்ளம் ஓரளவு கூசும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதன் அமைப்பு நோக்கத்தக்கது. அங்கே எள்ளுபவர் உயர்ந்தோரும் எள்ளப்படுபவர் தாழ்ந்தோரும் அல்லர். இருவரும் குறையுடையார், இருவர்க்கும் நாவன்மை உண்டு, ஒருவர் எறிந்த சொல்லுக்கு மற்றவர் உடனே மறுமொழி தருகின்றார், ஈற்றில் அன்பில் இணைகின்றனர். புலவன் ஊமையாக்கி வைத்தவர் அங்கே எவருமில்லை. நம் மேடையிலோ எள்ளப்படுபவனுக்குப் பேசும் வாயே இல்லை.

எள்ளலுக்கு உரை கூறவந்த பேராசிரியர் ஒரு நுட்பம் காட்டினார். ஒருவன் மற்றவரை இகழ்ந்து சிரிப்பதும் எள்ளலால் வந்த நகையே. மற்றவர் தன்னை இகழும்பொழுது தான் சிரிப்பதும் எள்ளலால் வந்த நகையே என்று அவர் இருகூறாக்கினார். இரண்டாம் கூற்றை எண்ணிப் பாருங்கள். இகழப்பட்டவன் அழவில்லை, சினக்கவுமில்லை, நகுகின்றான். ஏன்? இகழ்ந்தவனது அறியாமை அவனுக்குத் தெரிகின்றது. அந்நகையில் இகழ்ந்தவனது கனமே குறைந்துவிடுகின்றது. எள்ளப்பட்டவன் கையிலும் எள்ளல் ஒரு கருவியாகும் என்பதை உரைகாரர் கண்டார். நம் நகைச்சுவை எழுத்தாளருள் பலர் இதனைக் காணவில்லை.

அங்கதமும் பழிகரப்பும்

எள்ளல் செய்யுளில் ஏறி நிற்கும்போது அங்கதம் எனப்படும். அதனைச் செய்யுளியல் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பகுக்கும். வெளிப்படையாக வைவது முன்னது. பழியைப் புகழுக்குள் மறைத்துக் கூறுவது பின்னது. மலாய் மொழி அறிந்த நம்மவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். முகத்துக்கு நேரே பழித்தலை எஜேக் என்றும், சுற்றிவளைத்துக் குத்துதலைச் சிண்டிர் என்றும் மலாய்க்காரர் பிரித்துச் சொல்லுகின்றனர் அல்லரோ?

பழிகரப்பின் சிறப்பைக் காண விரும்புவோர் புறநானூற்றில் ஔவையாரைக் காண்க. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார் அவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். இவையெல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன. எம் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்னும் கருத்துப்பட அவர் கூறினார். ஒரு வசைச்சொல் உண்டா? இல்லை. ஆயினும் தொண்டைமானது கனம் அவ்விடத்திலேயே குறைந்தது. பொருளும் படையும் இல்லாத பாணர் குலத்துப் பெண்ணொருத்தி, படை மிகுந்த வேந்தனை அவனது இல்லத்திலேயே எள்ளிய எள்ளல் இது.

வள்ளுவரும் கயவரைத் தேவர்க்கு ஒப்பிட்டார். இருவரும் தாம் விரும்பியதையே செய்து ஒழுகுவர் என்பது அவர் காட்டிய ஒப்புமை. புகழ்வார்போலப் பழித்த திறம் இதுவென்று பரிமேலழகரே தெளிவித்துள்ளார். அவ்வள்ளுவரே பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டின்போதும் இகழ்ச்சி துன்பம் தரும் என்று கூறியதை மறத்தலாகாது. "சிரிக்கத்தானே சொன்னோம்" என்பார்க்கு அவர் அன்றே மறுமொழி எழுதி வைத்துவிட்டார்.

காளமேகப் புலவரை அறியாத தமிழர் இலர். 15 ஆம் நூற்றாண்டினரான அவர், நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிப் பாடிய பாட்டு மிகப் புகழுடையது. பொழுது சாயும்போது அரிசி வரும். குத்தி உலையிலிடுவதற்குள் ஊர் உறங்கும். ஓரகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி எழும் என்பது அதன் கருத்து. பின்னர் சத்திரத்தான் வேண்ட, அச்சொற்களுக்கே புகழாகவும் பொருள் கூறினார் என்பது வழிவழி வந்த கதை. இதில் எள்ளப்பட்டது யார்? அறம் செய்கின்றேன் என்று பலகை மாட்டிவிட்டுப் பசித்தவனைக் காக்கவைத்தவன். பசித்துக் காத்திருந்தவன் எள்ளப்படவில்லை. ஆயினும் காளமேகத்தின் வசைப்பாட்டுக்கள் யாவும் இத்தரத்தன என்று சொல்லுதற்கில்லை. போட்டிப் புலவரை வென்று காட்டும் செருக்கும் அவற்றிற் பல இடத்துத் தலைகாட்டுகின்றது. சொல்விளையாட்டின் திறமையை வியந்து, அதன் நோக்கத்தை ஆராயாது விடுதல் திறனாய்வு ஆகாது.

கடல் கடந்த எள்ளல்

அந்நாகப்பட்டினத்துத் துறையிலே கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியோர் நம் முன்னோருட் பலர். துணிமூட்டையோடு எள்ளலையும் அவர்கள் கொண்டுவந்தனர். ஆள்கட்ட வந்த கங்காணி காட்டிய ஆசையையும், வந்தபின் கண்ட பால்மரக் காட்டையும் ஒப்பிட்டுப் பாடிய பாடல்கள் தோட்டத்து லயங்களில் வழங்கின. உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938 ஆம் ஆண்டில் தடுத்தது. கங்காணி ஆள்கட்டும் முறை அதனோடு ஓய்ந்தது. பாடல்கள் பின்னும் ஓயவில்லை. பெரட்டுக் களத்திலே துரைக்கும் கிராணிக்கும் முன்னே வாய் திறக்க இயலாதவர், நடவுப் பாட்டின் மெட்டிலும் தாலாட்டின் மெட்டிலும் தம் எள்ளலை மறைத்து வைத்தனர். ஏட்டில் பழிகரப்பு என்று புலவர் வகுத்ததை, எழுத்தறியாத மக்கள் தம் வாழ்க்கையிலே வழங்கினர்.

நகரத்திலோ எள்ளல் அச்சேறியது. சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை நடைபெற்ற சிங்கை நேசனில், அதன் ஆசிரியர் மகதூம் சாயபு 1888 ஆம் ஆண்டில் விநோத சம்பாஷணை என்னும் உரையாடலை வெளியிட்டார். பிற்காலத்தில் தமிழ்நாட்டிலே குடி அரசு இதழில் பெரியார் சித்திரபுத்திரன் என்னும் புனைபெயரில் எழுதியனவும் எள்ளலைக் கருவியாகக் கொண்டவையே. அறிவுரையாகக் கூறின் கேளாத செவியும் உரையாடலாகக் கூறின் கேட்கும் என்பதை இதழாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பினாங்குக்கே உரிய போரியாவையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். மதராஸ் படைப்பிரிவுகளோடு வந்த முஸ்லிம்கள் முகர்ரம் நாட்களில் பாடியதிலிருந்து அது வளர்ந்தது என்பது பரவலாக வழங்கும் வரலாறு. துக்காங் காருட் என்னும் தலைவன் அடிகளைக் கட்டிப் பாட, கூட்டத்தார் பல்லவியை ஏந்திப் பாடுவர். ஊர் நடப்பும் பெரிய மனிதர் குற்றமும் அப்பாட்டுக்களில் நகைப்புக்கு ஆளாவதுண்டு. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனை அறிந்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அவன் அரசன் வரவைக் கூறிக்கொண்டே அரசனையும் எள்ளுவான்; மறுகணமே தன்னையும் எள்ளிக்கொள்ளுவான். தன்னை முதலில் எள்ளிக்கொள்பவனுக்கே பிறரை எள்ளும் தகுதி உண்டு என்பது கூத்தாடிகள் அறிந்த இலக்கணம்.

எள்ளல் திசைமாறினால் என்னாகும் என்பதற்கும் இவ்வூரே சான்று. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நிற்கின்றது. 1801 ஆம் ஆண்டில் அதனை நிறுவிய காதர் முகையதீன், தென்னிந்திய மக்களின் தலைவர் என்னும் பொருளில் கப்பித்தான் கிளிங் எனப்பட்டார். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்று வந்த கிளிங் என்பது அன்று ஓர் இனப்பெயர். தலைவரது பட்டத்தோடும் பள்ளிவாசலின் பெயரோடும் சேர்ந்து நின்ற மதிப்புள்ள பெயர். அதே சொல் நாளடைவில் வசையாயிற்று. சொல்லின் எழுத்துக்கள் மாறவில்லை. சொல்லியவர் குரல் மாறியது. இன்று அப்பெயரால் அழைக்கப்படும் தமிழ்ப் பிள்ளையின் முகம் சுருங்குகின்றது.

பிறர் நம்மை அவ்வாறு அழைக்கும்போது கொதிக்கின்றோம். நன்று, கொதிக்கவே வேண்டும். ஆனால் நாம் நம்மவரை எவ்வாறு அழைக்கின்றோம்? ஈழத்து மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தாரை இழித்துரைக்கப் பிறந்த தோட்டக்காட்டான் என்னும் சொல்லை இங்குள்ளோரும் அறிவர். பட்டணத்துத் தமிழன் தோட்டத்துத் தமிழனது உடையையும் பேச்சையும் நகுகின்றான். தோட்டத்தான் தன்னினும் தாழ்ந்த சாதியென்று தான் நினைப்பவனை நகுகின்றான். மேலிருந்து வாங்கிய அடியைக் கீழே இறக்கிவிடுவதற்குக் கேலி என்று பெயரிட்டு வைத்திருக்கின்றோம். பொய்க்கனத்தைக் குறைக்கப் பிறந்த சொல், எளியவனை எளியவன் மிதிக்கும் கல்லாயிற்று.

வழி காட்டிய ஒருவர்

"எளியோரை நகாவிடின் நகைச்சுவையே இராது, எல்லாம் பிரசங்கமாகிவிடும்" என்பார்க்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை நினைவூட்டுவோம். 1949 ஆம் ஆண்டில் வெளிவந்த நல்லதம்பி என்னும் படத்தில் அவர் கிந்தனார் சரித்திரத்தைக் காலட்சேபமாக நடத்திக் காட்டினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பின்பற்றிய பகடி அது. நந்தனார்க்குச் சிதம்பரம் காணும் ஆவல். கிந்தனுக்கோ கல்வி கற்கும் ஆவல். கிந்தன் புகைவண்டியேறிப் பட்டணம் போகின்றான். பார்த்தோர் வயிறு வலிக்கச் சிரித்தனர். எனினும் அச்சிரிப்பில் அடிபட்டவன் கிந்தன் அல்லன். அவனைப் படிக்கவொட்டாமல் தடுத்த உலகமே. தாழ்த்தப்பட்ட பிள்ளை ஒருவனைக் கதையின் நடுவே நிறுத்தி, அவன்மேல் ஒரு சிரிப்பும் விழாமல் மூன்று பக்கமும் சிரிப்பெழுப்பினாரே, அதுவன்றோ எள்ளற்கலை! அத்திறம் இல்லாதாரே உடற்குறையையும் நிறத்தையும் தேடி ஓடுகின்றனர்.

ஆதலின் எள்ளல் வேண்டாம் என்று கூறவந்தோமில்லை. எள்ளலற்ற இலக்கியம் உப்பற்ற பண்டம். ஔவையும் வள்ளுவரும் பயின்ற கருவியை நாம் ஏன் எறிந்துவிட வேண்டும்? நகைச்சுவை நாடகம் ஒன்றைக் கண்டு வீடு திரும்புங்கால் ஒரே ஒரு வினாவை மட்டும் கேட்டுப் பார்மின்: இந்நகைப்பினால் எவனுடைய கனம் குறைந்தது? பெரியவனாக நடித்தவனுடையதாயின், அது தமிழ்மரபு போற்றிய எள்ளல், எழுதினவனுக்குக் கைகொட்டுவோம். முதுமையும் நோயும் உழைப்பும் வறுமையும் முன்னமே எளியனாக்கி வைத்தவனுடையதாயின், அதற்குத் தொல்காப்பியத்தைச் சான்று காட்டற்க. அந்நாடகத்துக்கு அடுத்தமுறை சீட்டு வாங்காமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. நம் பிள்ளைகள் அதனைக் கண்டு சிரிக்கும்போது, ஏன் சிரிக்கின்றாய் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.